ஜாமீன் கிடைத்த பிறகும் ஆள் ஏன் வெளியே வரவில்லை? பிணைப் பத்திரம் குறித்த முழுமையான வழிகாட்டி

வெள்ளிக்கிழமை மாலை ஜாமீன் உத்தரவாகிவிட்டது என்று உறவினர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு, மறுநாள் காலை சிறை வாசலில் வண்டியை நிறுத்திக் காத்திருந்த குடும்பங்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் வழக்கறிஞர் குமாஸ்தாவாக இருப்பதால், அந்தக் குடும்பங்களுக்கு அடுத்த திங்கட்கிழமை வரை பதில் சொல்வதும் என் வேலையாகவே இருந்துவருகிறது. ஜாமீன் உத்தரவு வேறு, விடுதலை உத்தரவு வேறு. இரண்டுக்கும் நடுவே பிணைப் பத்திரம் என்ற ஒரு படி இருக்கிறது. குடும்பத்தார் நாட்களை இழப்பது பெரும்பாலும் அந்தப் படியில்தான்.

இங்கே சொல்லும் பிரிவு எண்கள், 1-7-2024 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் எண்கள். மனுவை எப்படி வாதாடுவது என்பது வழக்கறிஞரின் பொறுப்பு. குடும்பம் செய்ய வேண்டியதை மட்டும் வரிசைப்படி எழுதுகிறேன்.

1. பத்திரம் என்பது என்ன, என்ன அல்ல

பத்தாயிரம் ரூபாய்க்கு இரு நபர் ஜாமீன் என்று உத்தரவு வந்தால், பத்தாயிரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு வருபவர்கள் இன்றும் உண்டு. அந்தப் பணத்தை யாரும் கட்ட வேண்டியதில்லை. கைதானவர் வாய்தா தவறாமல் வருவார் என்று அவர் ஒரு பத்திரமும், வராவிட்டால் அந்தத் தொகைக்கு நாங்கள் பொறுப்பு என்று ஜாமீன்தாரர்கள் ஒரு பத்திரமும் எழுதிக் கொடுக்கிறார்கள். சட்டத்தின் 485ஆம் பிரிவு கேட்பது இதைத்தான். பணமாகவே கட்டுவதற்கு 490ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் அதற்கு நீதிமன்றம் தனியாக அனுமதிக்க வேண்டும்.

அமெரிக்காவில், பிணைத் தொகையில் பெரும்பாலும் பத்து சதவீதத்தைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு, முழுத் தொகைக்கும் பொறுப்பேற்கும் தனியார் முகவர்கள் பல மாநிலங்களில் இருக்கிறார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு தொழிலே இல்லை. எனவே நீதிமன்ற வளாகத்தில் யாராவது அருகில் வந்து, “இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள், இவ்வளவு கொடுத்தால் போதும்” என்று சொன்னால், அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். போலி ஆவணத்தோடு வந்த ஜாமீன்தாரர் பிடிபட்டால் அவர்மீது புதிய வழக்கு வரும். உங்கள் வீட்டு ஆளின் ஜாமீனும் ஆட்டம் காணும்.

2. முதல் நாளில் எழுதிக்கொள்ள வேண்டிய விவரங்கள்

எந்தக் காவல் நிலையம், குற்ற எண் என்ன, எந்தெந்தப் பிரிவுகள், எந்த நீதித்துறை நடுவர் முன் நிறுத்தினார்கள், எந்தச் சிறையில் அடைத்திருக்கிறார்கள் என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கைதான செய்தியையும், ஆளை வைத்திருக்கும் இடத்தையும் கைதானவர் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிப்பது காவல்துறையின் கடமை (பிரிவு 48). பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும் (பிரிவு 58).

செட்டிநாட்டில் காவல் நிலையத்தின் பெயர் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. நம் ஊர்கள் இரண்டு மாவட்டங்களில் பிரிந்து கிடக்கின்றன. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்து ஊர்கள் சிவகங்கை மாவட்டத்தில் வருகின்றன. கோனாபட்டு, ராயவரம் போன்ற திருமயம் பக்கத்து ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் வருகின்றன. வீடு எங்கே இருக்கிறது என்பதை வைத்து நீதிமன்றம் முடிவாவதில்லை. குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் இடத்தை வைத்தே முடிவாகிறது. காரைக்குடி வழக்கறிஞரிடம் வக்காலத்து கொடுத்த பிறகு, வழக்கு திருமயத்தில் இருப்பதைக் கண்டுபிடித்த குடும்பத்துக்கு ஒரு முழு நாள் வீணானது.

3. ஜாமீனில் விடக்கூடிய குற்றமா என்று பார்ப்பது

ஜாமீனில் விடக்கூடிய குற்றமானால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். காவல் நிலையத்திலேயே பத்திரம் எழுதிக் கொடுத்து வந்துவிடலாம் (பிரிவு 478). இதைத்தான் பேச்சுவழக்கில் ஸ்டேஷன் ஜாமீன் என்கிறோம். ஏழு ஆண்டுகள் வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது ஏன் தேவை என்று காவல்துறை காரணம் எழுதியாக வேண்டும். காரணம் இல்லையென்றால் 35(3) பிரிவின்படி அறிவிப்பு கொடுத்து விசாரணைக்கு அழைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த அறிவிப்பு வீட்டுக்கு வந்தால் ஒளிந்துகொள்ளாமல் உரிய நாளில் போய் நிற்பதே நல்லது. போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும்.

ஜாமீனில் விட முடியாத குற்றம் என்றால், பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, நீதிமன்றம் பார்த்துத் தர வேண்டும் என்பதே அதன் பொருள்.

4. ஜாமீன்தாரரை மனுவுக்கு முன்பே தேடுவது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவு வந்த பிறகு ஆள் தேடத் தொடங்குவதுதான் நான் பார்த்த தவறுகளில் மிகப் பொதுவானது. மனு விசாரணைக்கு வரச் சில நாட்கள் ஆகும். அந்த நாட்களில் ஜாமீன்தாரரையும் அவருடைய ஆவணங்களையும் தயார் செய்துவிட்டால், உத்தரவு வந்த அன்றோ மறுநாளோ பத்திரம் எழுதிவிடலாம்.

இருவர் தேவை என்றால் நால்வரிடம் பேசி வையுங்கள். ஒருவர் கடைசி நேரத்தில் வீட்டில் எதிர்ப்பு என்பார். இன்னொருவருடைய ஆவணத்தில் குறை இருக்கும். ஜாமீன்தாரர்களில் ஒருவர் ரத்த உறவினராக இருக்க வேண்டும் என்று உத்தரவுகளில் நிபந்தனை வருவதும் உண்டு. எனவே நால்வரில் இருவராவது தந்தை, உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்ற வட்டத்துக்குள் இருக்கட்டும். மைத்துனர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் ரத்த உறவில் வரமாட்டார்.

ஜாமீன்தாரர் நேரில் வந்தாக வேண்டும். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் அண்ணன் தம்பிகளை நம்பியிருக்கும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு இது பெரிய இடி. அவர்கள் பணம் அனுப்பலாம். பத்திரத்தில் கையெழுத்திட வேண்டுமானால் நடுவர் முன் வந்து நிற்க வேண்டும். உள்ளூரிலேயே இருக்கும் சித்தப்பா, எதிர்வீட்டுக்காரர், கடையில் கூட வேலை பார்ப்பவர் ஆகியோரே இந்தக் காரியத்துக்கு உதவுகிறார்கள்.

பேசும்போது உண்மையைச் சொல்லுங்கள். “சும்மா ஒரு கையெழுத்துதான்” என்று அழைத்து வருவது அநியாயம். ஆள் தலைமறைவானால் பத்திரத் தொகை அவரிடம் வசூலிக்கப்படும். கட்டாமலும் வசூலிக்க முடியாமலும் போனால் ஆறு மாதம் வரை உரிமையியல் சிறையில் வைக்கவும் 491ஆம் பிரிவில் இடமிருக்கிறது.

5. ஆவணங்கள்: பெரிய வீடு உதவாமல் போகும் இடம்

பொதுவாகக் கேட்கப்படுபவை: ஆதார் அட்டை, குடும்ப அட்டை, இரண்டு புகைப்படங்கள், தொகைக்கு ஈடான சொத்தைக் காட்டும் ஓர் ஆவணம். சொத்துக்கு வீட்டு வரி ரசீது, பட்டா, வாகனத்தின் ஆர்.சி. ஆகியவற்றை ஏற்பது வழக்கம். தொகை பெரிதானால் தாசில்தார் தரும் சொத்து மதிப்புச் சான்று கேட்கப்படலாம். அதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் அறிக்கைகள் சென்று சேர வேண்டும் என்பதால் முன்கூட்டியே தொடங்குங்கள். எந்த நீதிமன்றத்தில் எது நடைமுறை என்பதை அந்த நீதிமன்றத்தில் தினமும் நிற்கும் குமாஸ்தாவிடம் கேட்பதே சரி.

நம் பகுதிக்கே உரிய சிக்கல்கள் இரண்டு உண்டு.

முதலாவது, பங்காளி வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீட்டின் வரி ரசீதை ஒருவர் பெருமையோடு கொண்டுவந்தார். ரசீது அவருடைய ஐயாவின் பெயரில் இருந்தது. ஐயா காலமாகி நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பங்கு உள்ளவர்கள் பதினோரு பேர். நடுவர் ரசீதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார். அதே நாளில் அந்த வீட்டுக்காரருக்குப் பதிலாக, அவர் கடையில் சரக்கு இறக்கும் ஒருவர் தன் பெயரில் இருந்த சரக்கு ஆட்டோவின் ஆர்.சி.யைக் காட்டி ஜாமீன் நின்றார். மதிப்பைவிட, ஆவணத்தில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருப்பதுதான் முதலில் பார்க்கப்படுகிறது. கூட்டுப் பட்டாவைத் தவிருங்கள். தனிப் பட்டாவோ வாகனமோ உள்ளவரைத் தேடுங்கள். வாகனத்தின் மீது கடன் பாக்கி இருந்தால் ஆர்.சி.யிலேயே அது பதிவாகியிருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

இரண்டாவது, தந்தை பெயர். பிள்ளை கூட்டும், அதாவது தத்தெடுக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களில், பள்ளிச் சான்றில் பெற்ற தந்தையின் பெயரும் ஆதாரில் கூட்டிய தந்தையின் பெயரும் இருப்பது சாதாரணம். இரண்டு மூன்று தலைமுறை இனிஷியல்கள் ஓர் ஆவணத்தில் முழுமையாகவும் மற்றொன்றில் பாதியாகவும் வரும். ஜாமீன்தாரருக்கு இப்படி இருந்தால் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு பிரமாண வாக்குமூலத்தைத் தயாராக வைத்திருங்கள். கைதானவருக்கே இப்படி இருந்தால், முதல் தகவல் அறிக்கையில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாத் தாளிலும் எழுதச் சொல்லுங்கள். காரணம் எட்டாம் பகுதியில் வருகிறது.

6. மனு எங்கே போகும்

நடுவர் நீதிமன்றத்தில் தொடங்குவதே வழக்கம் (பிரிவு 480). மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்களில் நடுவரின் அதிகாரம் குறுகியது. பெண்கள், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள், நோயாளிகள் ஆகியோருக்கு அங்கும் வழி உண்டு. அடுத்தது மாவட்டத் தலைநகரில் உள்ள அமர்வு நீதிமன்றம். அதற்கும் மேலே, 2004 ஜூலை முதல் செயல்படும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை (பிரிவு 483). சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டங்களுக்கும் அதுவே.

கைதுக்கு முன்பே கேட்பது முன்ஜாமீன் (பிரிவு 482). இதிலும் பத்திரம் உண்டு. குறிப்பிட்ட நாட்களுக்குள், பெரும்பாலும் பதினைந்து நாட்களுக்குள், நடுவர் முன் ஆஜராகி ஜாமீன்தாரர்களோடு பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவில் இருக்கும். முன்ஜாமீன் கிடைத்துவிட்டது என்று வீட்டில் அமர்ந்து அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் உண்டு.

மனு தள்ளுபடியானாலும் நாட்களை எண்ணிக்கொண்டே இருங்கள். புலன்விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை 60 நாட்களுக்குள், அல்லது பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் 90 நாட்களுக்குள், தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிறது (பிரிவு 187). குற்றப்பத்திரிகை வந்து சேர்வதற்கு முன்பே மனு போட்டாக வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் அந்த உரிமை போய்விடலாம்.

7. உத்தரவை வரி வரியாகப் படித்து, பத்திரம் எழுதுவது

உத்தரவு நகல் கைக்கு வந்ததும் நான்கைத் தேடுங்கள்: தொகை, ஜாமீன்தாரர் எண்ணிக்கை, எந்த நடுவரின் திருப்திக்கு ஏற்ப என்பது, நிபந்தனைகள். மதுரையில் உத்தரவானாலும் பத்திரம் எழுதுவது பெரும்பாலும் வழக்குக்குரிய நடுவர் நீதிமன்றத்தில்தான். ஆகவே ஜாமீன்தாரர்களை மதுரைக் கிளை இருக்கும் ஒத்தக்கடைக்கு அழைத்துக்கொண்டு போக வேண்டாம்.

காலை நீதிமன்றம் தொடங்குவதற்கு முன்பே ஜாமீன்தாரர்கள் மூல ஆவணங்களோடு வந்துவிடட்டும். பத்திரத்தோடு அவர்கள் ஒரு வாக்குமூலமும் தர வேண்டும். இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார்கள் என்பதை அதில் மறைக்காமல் சொல்ல வேண்டும் (பிரிவு 486). புகைப்படம் ஒட்டி, இடது பெருவிரல் ரேகை வைப்பதும் இப்போது வழக்கமான நிபந்தனை.

பெயர் அழைத்ததும் நடுவர் சில கேள்விகள் கேட்பார். அவை எளிய கேள்விகள்தாம், ஆனால் பயத்தில் நா குழறிவிடும். ஒரு பெரியவரிடம் “இவர் உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டபோது, “தெரியலைங்க ஐயா, கையெழுத்துப் போடச் சொன்னாங்க, வந்தேன்” என்றார். உண்மையில் அவர் கைதானவரின் சொந்தப் பெரியப்பா. பத்திரம் அன்று திரும்பிவிட்டது. கைதானவரின் பெயர், உறவு, வழக்கு எது, தன் சொத்து எது, ஆள் வராவிட்டால் தொகை கட்டும் பொறுப்பு தனக்கு உண்டு என்பது ஆகிய ஐந்தையும் ஜாமீன்தாரரிடம் முதல்நாள் இரவே சொல்லி வையுங்கள். பாடம் ஒப்பிப்பதுபோல் அல்ல, புரிந்து சொல்லும்படி.

மூல ஆவணத்தை நீதிமன்றம் வைத்துக்கொள்வதும் உண்டு, பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதும் உண்டு. வைத்துக்கொண்டால் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

8. விடுதலை உத்தரவு சிறைக்குப் போவது

பத்திரம் ஏற்கப்பட்டதும் நடுவர் சிறைக்கு விடுதலை உத்தரவு அனுப்புவார் (பிரிவு 487). அது மாலை அடைப்பு நேரத்துக்கு முன் சிறைக்குப் போய்ச் சேர வேண்டும், தாண்டினால் மறுநாள்தான். மதுரை மத்திய சிறையில் ஆள் இருக்கும்போது இங்கே மதியத்துக்குப் பிறகு பத்திரம் ஏற்கப்பட்டால், அன்றிரவு வீட்டில் இலை போட்டு வைக்க வேண்டாம்.

சிறையில் பெயர், தந்தை பெயர், குற்ற எண், பிரிவுகள் என அனைத்தையும் தங்கள் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். ஓர் இனிஷியல் மாறினாலும் உத்தரவு திருத்தத்துக்குத் திரும்பும். ஆகவே விடுதலை உத்தரவு நீதிமன்றத்தை விட்டுப் புறப்படுமுன் அதில் உள்ள விவரங்களைச் சரிபார்க்கும்படி வழக்கறிஞரிடம் கேளுங்கள். வேறு வழக்கில் பி.டி. வாரண்டு, அதாவது சிறையில் இருப்பவரை அந்த வழக்குக்காக நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லும் உத்தரவு இருந்தால், இந்த வழக்கின் விடுதலை உத்தரவால் ஆள் வெளியே வரமாட்டார். பழைய வழக்குகளை முதல் நாளே வழக்கறிஞரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

9. ஜாமீன்தாரரே கிடைக்காதபோது

இந்த நிலையில் குடும்பங்கள் வாடகை ஆளைத் தேடிப் போகின்றன. அதற்கு முன் செய்யக்கூடியவை பல இருக்கின்றன.

ஜாமீனில் விடக்கூடிய குற்றத்தில், கைதாகி ஒரு வாரத்துக்குள் பிணை தர முடியாதவரை வசதியற்றவர் என்றே கொண்டு, சொந்தப் பத்திரத்தில் விடச் சட்டம் சொல்கிறது. மற்ற வழக்குகளில் தொகையைக் குறைக்கச் சொல்லி அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனு போடலாம் (பிரிவு 484). பிணைத் தொகை மிகையாக இருக்கக்கூடாது என்பது அந்தப் பிரிவின் சொல்லே. 1978இல் மோதிராம் வழக்கில், மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவரிடம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, வேறு மாவட்டத்தில் சொத்து இருக்கிறது என்பதற்காக அவருடைய சகோதரரின் ஜாமீனை மறுத்ததை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆயிரம் ரூபாய் சொந்தப் பத்திரத்தில் விடச் சொன்னது. பல வழக்குகளில் சிக்கியவருக்கு ஒரே ஜாமீன்தாரர்களை எல்லா வழக்குக்கும் ஏற்கலாம் என்று 2024இல் கிரீஷ் காந்தி வழக்கில் சொன்னதும் உதவும்.

ஜாமீன் கிடைத்து ஏழு நாட்களில் ஆள் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரு மாதம் ஆகியும் பத்திரம் தர முடியாவிட்டால் நீதிமன்றமே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பார்க்கலாம் என்றும் அதில் உண்டு. அதுவரை காத்திருக்காமல் நீங்களே ஆணைக்குழுவுக்கு எழுதிக் கொடுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை இருக்கிறது. உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம். பிணைத் தொகைக்கு வழியில்லாத கைதிகளுக்கு உதவும் மத்திய அரசுத் திட்டம் ஒன்றும் 2023 முதல் இருக்கிறது. அதைப் பற்றியும் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

10. வெளியே வந்த பிறகு

தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனை நம் பகுதி உத்தரவுகளில் மிகச் சாதாரணம். திருவிழாவோ, வீட்டில் துக்கமோ, எதுவானாலும் தாமாக விடுமுறை எடுக்கக் கூடாது. போக முடியாத நாள் முன்பே தெரிந்தால் தளர்வு மனு போட வேண்டும். காவல் நிலையத்தில் “நாளைக்கு வராவிட்டால் பரவாயில்லை” என்று வாய்மொழியாகச் சொன்னது நீதிமன்றத்தில் நிற்காது.

வாய்தாவுக்கு வராவிட்டால் பிடிவாரண்டு வரும், ஜாமீன்தாரர்களுக்கு ஏன் தொகை கட்டக்கூடாது என்று அறிவிப்பு போகும். ஜாமீனில் இருந்துகொண்டு ஆஜராகாததே புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 269ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறைக்குரிய தனிக் குற்றம். ஜாமீன்தாரருக்கு அறிவிப்பு வந்தால் அதை மடித்து வைக்காமல் ஆளைத் தேடிக் கொண்டுவந்து நிறுத்தி, காரணம் சொல்லி மனு போட வேண்டும். தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு.

11. ஜாமீன்தாரர் விலகுவதும், ஆவணம் திரும்பப் பெறுவதும்

ஆள் கட்டுக்கு அடங்காமல் போகிறார் என்று தெரிந்தால், ஜாமீன்தாரர் எப்போது வேண்டுமானாலும் விலகல் மனு கொடுக்கலாம் (பிரிவு 489). நீதிமன்றம் ஆளை வரவழைத்து, வேறு ஜாமீன்தாரரைத் தரச் சொல்லும். தராவிட்டால் மறுபடி சிறை. நீதிமன்றம் பத்திரத்தை ரத்து செய்யும் வரை பழையவரின் பொறுப்பு தொடரும் என்பதை மறந்துவிடக் கூடாது. உறவினர்களுக்குள் “நான் விலகிக்கொண்டேன்” என்று சொல்லிக்கொள்வதால் ஒன்றும் மாறாது.

வழக்கு முடிந்ததும் ஆவணம் தானாக வீட்டுக்கு வராது. மேல் நீதிமன்றம் அழைத்தால் ஆஜராவதாக ஆறு மாதத்துக்கு ஒரு பத்திரமும் தர வேண்டியிருக்கும் (பிரிவு 481). அதன் பிறகு, தீர்ப்பு நகலை இணைத்து, மூல ஆவணத்தைத் திரும்பத் தருமாறு மனு போட வேண்டும். ஐந்தாம் பகுதியில் சொன்ன சரக்கு ஆட்டோக்காரர் இதை அறியாமல், வழக்கு விடுதலையில் முடிந்து வெகுநாள் கழித்து வண்டியை விற்கப் போனபோதுதான் ஆர்.சி. நீதிமன்றத்தில் கிடப்பது நினைவுக்கு வந்து என்னிடம் வந்தார். குறித்து வைத்த தேதியும் வழக்கு எண்ணும் இருந்ததால் வழக்குக் கட்டைத் தேடி எடுக்க முடிந்தது.